முதுகில் தொடங்கித் தொடையிடுக்கில் தெரிந்த கட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த ஓர் இளம்பெண்ணின் நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய இசைவைப் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன். அவருடைய தொடையிடுக்கில் இருந்த கட்டியைக் கீறி வடிக்க நாள் குறித்துக் கொடுத்தவன் நான்தான். அந்தக் கீறல் நடக்காமல் போனது என் திறமையால் அன்று.

பின்னணி

நோயாளிக்கு வயது 26. பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தையல் வேலை. வேலை மிகும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் என்று சொல்லப்படும் பன்னிரண்டு மணி நேர உழைப்பு. 2021 ஜூன் மாதம் வேறொரு மருத்துவமனையில் சிசேரியன் மூலம் பெண் குழந்தை பிறந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்துதான் அந்த அறுவை நடந்தது.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது நடுமுதுகுக்குச் சற்றுக் கீழே வலி தொடங்கியது. வீட்டில் எல்லோரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: "முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதுதான்." நம் ஊர்களில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதுகு வலித்தால் இந்த ஊசியின் மீது பழி விழாமல் இருப்பது அரிது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருப்பது இயல்புதான். ஆறு மாதம் வலியே இல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு தொடங்கி, மாதம் தோறும் கூடிக்கொண்டே போகும் வலிக்கு அந்த ஊசியைக் காரணமாகச் சொல்ல இயலாது. ஆனால் காரணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய பிறகு, வலி எப்போது தொடங்கியது, எந்த இடத்தில் வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

முதல் மூன்று மாதம் தைலமும் வலி மாத்திரையுமாகக் கழிந்தன. இருமுறை சுளுக்கு வழித்துவிட்டிருக்கிறார்கள். 2022 மார்ச்சில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஊடுகதிர்ப் படம் எடுத்து, நான்காம், ஐந்தாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஜவ்வு லேசாகத் தேய்ந்திருப்பதாகச் சொல்லி, இடுப்புப் பெல்ட் அணியச் சொன்னார்கள். பெல்ட் அணிந்தும் வலி குறையவில்லை. ஜூலையில் இடது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவு கட்டி ஒன்று தென்பட்டது. காலில் புண் ஏதாவது இருந்தால் நெறி கட்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அவருடைய காலில் பழைய பித்தவெடிப்பு இருந்ததால், இது நெறிக்கட்டி என்று முடிவு செய்து, பத்து நாள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தார்கள். கட்டி குறையாமல் வளர்ந்ததும் எங்களிடம் அனுப்பினார்கள்.

முதல் வருகையும் என் குறிப்பும்

அன்று புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டேன், பிறகு நிற்கவைத்துப் பார்த்தேன். கட்டி மென்மையாக இருந்தது. அழுத்தினால் உள்ளே நீர்மம் அசைவது விரலுக்குத் தெரிந்தது. மேலே தோல் சிவக்கவில்லை, சூடும் இல்லை, தொட்டால் பெரிதாக வலிக்கவும் இல்லை. இருமச் சொன்னபோது கட்டி லேசாக முன்தள்ளியது. குடலிறக்கமாக இருக்குமோ என்று ஒரு நொடி நினைத்து, இருக்கும் இடம் பொருந்தவில்லை என்று விட்டுவிட்டேன். "இடது தொடையிடுக்கில் சீழ் கட்டிய நெறி, வியாழன் காலை கீறி வடிக்கவும்" என்று சீட்டில் எழுதினேன். முதுகுவலி இருப்பதாக அவர் சொன்னது குறிப்பில் இருக்கிறது; ஆனால் அதை வேறொரு நோயாக எண்ணி, எலும்புப் பிரிவில் காட்டும்படி ஒரு வரி மட்டும் சேர்த்திருந்தேன்.

சீழ் நிறைந்த கட்டி சூடாக இருக்க வேண்டும், சிவந்திருக்க வேண்டும், கை பட்டால் துடிக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சீழ்க்கட்டிக்குக் குளிர்ந்த கட்டி என்று பெயர் உண்டு, அது காசநோயின் அடையாளங்களில் ஒன்று என்பதை மருத்துவ மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று அது நினைவுக்கு வரவில்லை என்பதைத் தவிர இதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

கீழே விழுந்த சீட்டு

வியாழன் காலை, சிறு அறுவை அரங்குக்கு வெளியே காத்திருந்தபோது அவர் கையிலிருந்த சீட்டு தரையில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனியவில்லை. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முதுகை மரப்பலகை போல நேராக வைத்துக்கொண்டு, முழங்காலையும் இடுப்பையும் மட்டும் மடக்கிக் கீழே இறங்கி, சீட்டை எடுத்துக்கொண்டு, அதே போலத் தொடையைப் பிடித்து மேலே ஏறினார். இதைப் பார்த்துக்கொண்டிருந்த மூத்த செவிலியர் உள்ளே வந்து, "டாக்டருங்க, இந்தப் புள்ள குனியவே மாட்டேங்குதுங்க, ஒருதரம் முதுகப் பாத்துருங்க" என்றார்.

தரையில் காசு போட்டு எடுக்கச் சொல்லும் பரிசோதனை மிகப் பழையது. முதுகெலும்பில் நோய் உள்ளவர், குறிப்பாகக் குழந்தை, காசை எடுக்க முதுகை வளைப்பதில்லை, குந்தி எடுக்கும். நோயுற்ற முள்ளெலும்பு அசைந்தால் வலிக்கும் என்பதால், முதுகெலும்பின் இருபுறமும் கயிறு போல ஓடும் நிமிர்த்து தசைகள் தாமாகவே இறுகி, அந்தப் பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். முதுகுக்கு உடலே போட்டுக்கொள்ளும் கட்டு அது. இந்த நோயாளி அந்தப் பரிசோதனையை யாரும் கேட்காமலே செய்து காட்டிவிட்டார்.

அவரைக் குப்புறப் படுக்கவைக்கச் சொன்னபோது இன்னொன்று தெரிந்தது. இடது தொடையை மேசையில் முழுதாகப் பதிக்க முடியவில்லை. இடுப்பு மூட்டு இருபது பாகை அளவுக்கு மடங்கியே நின்றது. நீட்டி விட முயன்றால் வலித்தது. ஆனால் அதே மூட்டை மடக்கிய நிலையில் உள்ளும் புறமும் திருப்பினால் வலி இல்லை. மூட்டே நோயுற்றிருந்தால் எல்லாத் திசை அசைவும் வலிக்கும். நீட்டுவது மட்டும் வலித்தால், மூட்டின் முன்புறமாக ஓடும் ஒரு தசை நீட்சியைத் தாங்கவில்லை என்று பொருள். முதுகில் விரலால் ஒவ்வொரு முள்ளாகத் தட்டிக்கொண்டு மேலே போனோம். ஓர் இடத்தில் அவர் முகம் சுளித்தார். அந்த இடத்தில் முள் மற்றவற்றைவிட ஒரு நெல்மணி அளவு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

மேசைமேல் வைத்திருந்த கத்தியைத் திரும்ப எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, கட்டியை மறுபடியும் சோதித்தோம். தொடையிடுக்கின் குறுக்கே, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து அந்தரங்க எலும்புவரை ஒரு பிணைநார் ஓடுகிறது. அதற்குக் கீழே உள்ள கட்டியை ஒரு கையால் அழுத்தியபோது, அதற்கு மேலே அடிவயிற்றில் வைத்த மறு கையில் அலை தட்டியது. நெறிக்கட்டி தோலுக்கு அடியில் தனித்து இருப்பது. அதில் இப்படி நிகழாது. இது பிணைநாரின் கீழே நுழைந்து வரும் ஒரே பையின் இரு முனைகள். இருமும்போது கட்டி முன்தள்ளியதற்கும் விளக்கம் இதிலேயே கிடைத்தது.

மூன்று இடங்கள்

இந்த நிகழ்வில் மூன்று இடங்கள் பேசப்பட்டன: ஊசி போட்ட இடம், வலித்த இடம், கட்டி தெரிந்த இடம். உடற்கூறு தெரிந்தவர் மூன்றையும் ஒரு வரைபடத்தில் குறித்திருந்தால் நோய் ஜனவரியிலேயே பிடிபட்டிருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதுகெலும்புத் தொடரில் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் தனித்தனியாக அசைகின்றன. அவற்றின் கீழே ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாய் இணைந்த திரிகமும் அதன் முனையில் வால் எலும்பும் உள்ளன. தண்டுவடம், இந்த முள்ளெலும்புகள் அடுக்கி அமையும் குழலின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. வளர்ந்தவர்களில் அது பெரும்பாலும் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நீரில் மிதக்கும் நரம்புக் கற்றை மட்டுமே. அதனால்தான் மயக்க மருந்து ஊசியை மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளின் இடைவெளியிலோ அதற்குக் கீழேயோ போடுகிறார்கள். அந்த மட்டத்தைக் கண்டறிய இரு இடுப்பெலும்புகளின் உச்சியையும் சேர்த்துக் கற்பனைக் கோடு ஒன்று போடுவார்கள். அது பொதுவாக நான்காம் முள்ளெலும்பைக் கடக்கும்.

அந்தக் கோட்டைப் போட்டு எண்ணிப் பார்த்தோம். ஊசி போட்டதாக அவர் காட்டிய இடம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். தட்டியபோது வலித்த முள்ளோ நான்கு விரற்கடை மேலே, முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் மட்டத்தில். ஊசிக்கும் வலிக்கும் தொடர்பில்லை என்பதை நான்கு விரல்களால் அளந்து சொல்லியிருக்கலாம். எட்டு மாதங்களில் ஒருவரும் அளக்கவில்லை.

இனி, வலித்த இடத்துக்கும் கட்டிக்கும் உள்ள தொடர்பு. முதுகெலும்பின் இருபுறமும் வயிற்றின் பின்சுவரை ஒட்டி, சோவாஸ் என்னும் நீண்ட தசை உள்ளது. ஆட்டு இறைச்சியில் முதுகெலும்பின் உட்புறம் ஒட்டிக்கொண்டு நீளமாக வருமே மெத்தென்ற சதை, அதுதான். மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு முதல் இடுப்பின் ஐந்தாம் முள்ளெலும்புவரை, எலும்புகளின் பக்கவாட்டிலும், ஜவ்வு எனப்படும் இடைத்தட்டுகளிலும் குறுக்கு நீட்சிகளிலும் வேர்விட்டு, கீழே இறங்கி, தொடையிடுக்குப் பிணைநாரின் அடியில் நுழைந்து, தொடை எலும்பின் உட்புறச் சிறு முண்டில் முடிகிறது. முதுகெலும்பிலிருந்து நேரே தொடைக்குச் செல்லும் முதன்மைத் தசை இது. தொடையை மடக்குவது இதன் வேலை; ஆகவே இதற்குள் சீழ் கோத்தால் தொடை மடங்கியே நிற்கும், நீட்டினால் வலிக்கும். இந்தத் தசையைச் சுற்றி உறுதியான ஓர் உறை இருப்பதால், மேலே நோயுற்ற முள்ளெலும்பிலிருந்து கசியும் சீழ் வயிற்றுக்குள் பரவாமல், குழாயில் இறங்கும் நீர் போல அந்த உறைக்குள்ளேயே வழிந்து, பிணைநாரின் கீழே வெளிப்படுகிறது. நோய் முதுகில்; கட்டி ஒரு முழத்துக்குக் கீழே.

கட்டி தொடைத் தமனியின் துடிப்புக்கு வெளிப்பக்கமாக இருந்ததும் இதோடு பொருந்தியது. தொடை வழியாக இறங்கும் குடலிறக்கம் என்றால் துடிப்புக்கு உட்புறம் இருந்திருக்கும். தொடையின் முன்புறம் சில வாரமாக மதமதப்பாக இருப்பதாகவும் அப்போதுதான் சொன்னார். அங்கு செல்லும் நரம்புகள் இதே தசையின் ஊடாகவும் ஓரமாகவும் இறங்குபவை.

உறுதிப்படுத்தியவை

மார்ச்சில் எடுத்த பழைய படத்தைக் கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கீழ் இடுப்பை நடுவாக வைத்து எடுத்த படம் அது. மேல் விளிம்பு இரண்டாம் முள்ளெலும்போடு வெட்டுப்பட்டிருந்தது. அந்த விளிம்பிலேயே, இரண்டாம் முள்ளெலும்பின் மேற்பரப்புக் கோடு மற்றவற்றைப் போலக் கூர்மையாக இல்லாமல் அழிந்தாற்போல இருந்தது. படத்தைப் படித்தவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எலும்பின் சுண்ணச் சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கரைந்தால்தான் ஊடுகதிர்ப் படத்தில் அழிவு தெரியும். அதுவும் சட்டத்துக்கு வெளியே இருந்தால் தெரியவே தெரியாது. வலிக்கும் இடம் படத்தின் நடுவில் வர வேண்டும் என்று எடுக்கச் சொன்னவர் எழுதியிருக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் எதிரெதிர்ப் பக்கங்கள் அரிக்கப்பட்டு, இடையிலுள்ள தட்டு சுருங்கி, இடது சோவாஸ் தசைக்குள் மேலிருந்து தொடைவரை சீழ் நிறைந்திருந்தது. வலப்புறம் சிறிதளவு. தண்டுவடக் குழலுக்குள் கொஞ்சம் சீழ் எட்டிப் பார்த்தது, நரம்புகள் நசுங்கவில்லை. இரு முள்ளெலும்புகளின் அடுத்தடுத்த பாதிகள் சேர்ந்து கெடுவது முதுகெலும்புக் காசநோயில் வழக்கமாகக் காணும் அடையாளம். கருவின் முதுகு முதலில் கண்டம் எனப்படும் துண்டுகளாக இருக்கும்; முள்ளெலும்பு உருவாகும்போது மேல் கண்டத்தின் கீழ்ப்பாதியும் கீழ்க் கண்டத்தின் மேல்பாதியும் இணைந்தே ஒரு முள்ளெலும்பாகின்றன; அதனால் ஒரே தமனி ஒரு முள்ளெலும்பின் கீழ்ப்பாதிக்கும் அடுத்ததன் மேல்பாதிக்கும் கிளை அனுப்புகிறது. இரத்தத்தோடு வரும் கிருமி இரண்டிலும் சேர்ந்தே இறங்குகிறது. நடுவிலுள்ள தட்டுக்கு வளர்ந்தவர்களில் இரத்த ஓட்டம் இல்லை என்பதால் அது கடைசியாகத்தான் கெடுகிறது.

உடலில் அழற்சி இருந்தால் கூடும் இரத்தச் சிவப்பணுப் படிவு வேகம் மணிக்கு 88 மில்லிமீட்டர். எச்.ஐ.வி. இல்லை. மார்புப் படம் தெளிவாக இருந்தது. எடை 41 கிலோ. பிரசவத்துக்குப் பிறகு எட்டு கிலோ இறங்கியிருந்தது, பால் கொடுப்பதால் இளைத்துவிட்டதாக வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மாலையில் மேல் காய்வதும் இரவில் தலையணை நனைவதும் கேட்ட பிறகே தெரிந்தன. மாமனாருக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் சளியில் காசநோய் கண்டு ஆறு மாத மருந்து முடித்திருக்கிறார்கள். அதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் அன்றுவரை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கீறக் கூடாது என்பது. குளிர்ந்த கட்டியைத் தாழ்வான இடத்தில் கீறித் திறந்தால் அந்தப் புண் ஆறாது. மாதக்கணக்கில் ஒழுகும் புரையாகி, வெளியிலுள்ள வேறு கிருமிகளும் அதன் வழியே முள்ளெலும்புவரை ஏறும். அதற்குப் பதிலாக, மீயொலிப் படத்தின் துணையோடு, கட்டியின் மேல்பக்கத்தில் நல்ல தோல் வழியாக, தோலைச் சற்று இழுத்துப் பிடித்துச் சாய்வாகப் பருமனான ஊசியைச் செலுத்தினோம். ஊசியை எடுத்துத் தோலை விட்டதும் துளைகள் ஒன்றுக்கொன்று விலகித் தாமே அடைபட்டுவிடும். 180 மில்லி வெளிர்மஞ்சள் சீழ் வந்தது. மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி உறுதியாயிற்று. முதன்மைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அந்தக் கிருமியிடம் எதிர்ப்புத்திறன் இல்லை என்பதும் தெரிந்தது. சீழே போதிய சான்றாகிவிட்டதால் முள்ளெலும்பில் ஊசி குத்தித் திசு எடுக்கத் தேவைப்படவில்லை.

இரண்டாம் முடிவு, முதுகில் அறுவை வேண்டாம் என்பது. உறவினரில் ஒருவர் எலும்பையே அரித்துவிட்ட நோயை மாத்திரை எப்படி ஆற்றும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கான விடையில் பெரும்பங்கு சென்னையிலேயே கண்டறியப்பட்டது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நுரையீரல் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து எடுப்பது சானடோரியத்தில் படுத்திருப்பதற்குக் குறைந்ததன்று என்று 1959இல் நிறுவியது. கொரியாவில் மாசான், பூசான் நகரங்களில் நடந்த ஆய்வுகள், முதுகெலும்புக் காசநோய்க்கு மாதக்கணக்கான படுக்கையோ மாக்கட்டோ கூடுதல் பயன் தரவில்லை என்று காட்டின. பிறகு சென்னை மையம், முதுகெலும்புக் காசநோயில் நடமாடிக்கொண்டே மருந்து எடுத்தவர்களையும் முள்ளெலும்பை வெட்டி எடுத்து எலும்பு ஒட்டும் பெரிய அறுவை செய்தவர்களையும் ஒப்பிட்டுப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தது. மருந்து மட்டும் எடுத்தவர்கள் பின்தங்கவில்லை. நரம்பு நசுங்கிக் கால் விழுந்தாலோ, கூன் பெருகினாலோ, மருந்துக்கு நோய் கட்டுப்படாவிட்டாலோதான் அறுவை. இந்த நோயாளிக்கு மூன்றும் இல்லை.

கூன் எவ்வளவு வளரும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எஸ். ராஜசேகரனும் டி.கே. சண்முகசுந்தரமும் சென்னையில் அறுவையின்றி மருந்து பெற்ற நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 1987இல் வெளியிட்டது. சிகிச்சை தொடங்கும்போது முள்ளெலும்பு உடல்களில் கரைந்துபோன பங்கை 30.5ஆல் பெருக்கி 5.5 கூட்டினால், இறுதியில் நிற்கும் கூனின் பாகை கிட்டத்தட்டத் தெரியும். இவருக்கு இரு முள்ளெலும்புகளிலும் சேர்த்து இழப்பு 0.4 முள்ளெலும்பு, கணக்குப்படி ஏறத்தாழ 18 பாகை. அன்றைய அளவு 11. வெளியில் தெரியாத, நரம்பை இழுக்காத அளவு அது என்பதால் துணிந்து காத்திருக்க முடிந்தது. ஐந்து வயதுக் குழந்தையாக இருந்திருந்தால் இந்தத் துணிவு வந்திருக்காது. குழந்தைகளுக்கு நோய் ஆறிய பின்னும் வளரும் பருவம் முழுவதும் கூன் ஏறக்கூடும்.

எடைக்கேற்ப நாளொன்றுக்கு மூன்று கூட்டு மாத்திரைகள்: இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அதன் பின் பத்து மாதம் மூன்று மருந்துகள். நுரையீரல் நோய்க்கு ஆறு மாதம் போதும். எலும்புக்குப் பன்னிரண்டு மாதம், தேவைப்பட்டால் பதினெட்டு. கூடவே பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமின். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று சொன்னோம். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்பதால் காப்பர்-டி பொருத்தப்பட்டது. மார்பையும் இடுப்பையும் தாங்கும் முதுகுப் பட்டை அணிந்து நடமாடலாம்; சுளுக்கு வழிப்பது மட்டும் அறவே கூடாது. குழந்தையையும் மாமனாரையும் சோதித்தோம்; இருவருக்கும் நோய் இல்லை. அரசின் ஊட்டச்சத்து உதவியாக அப்போது மாதம் 500 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்குச் சென்றது.

ஐந்தாம் வாரம்

மருந்து தொடங்கிய ஐந்தாம் வாரம் கட்டி மறுபடியும் உப்பியது. காய்ச்சல் நின்றிருந்தது, பசி எடுத்தது, எடை ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. ஆனால் கட்டி கண்ணுக்குத் தெரிகிறதே. மாமியார், "மருந்து கேக்கலீங்க, கீறி உட்ருங்க" என்று வற்புறுத்தினார். தனியார் மருத்துவமனை ஒன்றில் அதற்கு இசைந்தும் இருந்தார்களாம். கிருமி சாகும்போது உடலின் எதிர்ப்பாற்றல் மீண்டெழுந்து கட்டி சில வாரம் பெரிதாவது உண்டு. இதே நேரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் நோய் முற்றியது போலத்தான் காட்டும். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால், மருந்தை நிறுத்திவிடும் நிலைக்கு அந்தக் குடும்பம் வந்துவிட்டது.

பொறுத்திருப்பதா, மருந்து எதிர்ப்பு என்று கொள்வதா என்று எங்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருந்தது. மீண்டும் ஊசி வழியே 60 மில்லி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, மருந்தை மாற்றாமல் தொடர்ந்தோம். காய்ச்சலும் எடையும் நல்ல பக்கமாகத் திரும்பியிருந்ததே எங்களுக்குத் துணை. இரண்டாவது சீழில் கிருமி வளரவில்லை. அதன் பின் கட்டி நிறையவில்லை.

கால்களின் வலுவையும் சிறுநீர் கழிப்பதையும் ஒவ்வொரு வருகையிலும் கேட்டுச் சோதித்தோம். நோயுற்ற மட்டம் தண்டுவடத்தின் நுனி முடியும் இடமே என்பதால், சிறுநீர் தடைபட்டால் அன்றே வர வேண்டும் என்று சீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தோம். அப்படி ஒரு நாள் வரவில்லை.

ஓராண்டில்

மூன்றாம் மாதம் தொடை முழுதாக நீண்டது. ஏழாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். ஒன்றரை ஷிப்ட் கூடாது என்று எழுதிக் கொடுத்த சான்றைக் கம்பெனி இரண்டு மாதம் மதித்தது. பன்னிரண்டாம் மாதம் எடை 47 கிலோ, படிவு வேகம் 14. எம்.ஆர்.ஐ. படத்தில் சீழ் இல்லை. அரிக்கப்பட்ட எலும்பின் உள்ளிருக்கும் மச்சையில் கொழுப்பு படிந்து ஆறியதைக் காட்டியது. இரு முள்ளெலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. கூன் 16 பாகை. மருந்தை நிறுத்தினோம்.

மாற்றியவை

தொடையிடுக்குக் கட்டியோடு வருபவரை இப்போது எங்கள் பிரிவில் நிற்கவைத்து மட்டும் பார்ப்பதில்லை. குப்புறப் படுக்கவைத்து முதுகைத் தட்டிப் பார்த்த பிறகே கீறலுக்குச் சீட்டு எழுதுகிறோம். சூடில்லாத சீழ்க்கட்டி எதுவானாலும் கத்திக்கு முன் ஊசி. முதுகுவலிக்குப் படம் கேட்கும்போது வலிக்கும் இடத்தில் ஒரு சிறு உலோகக் குண்டை ஒட்டி அனுப்புகிறோம். அது படத்தின் நடுவில் தெரிய வேண்டும். மகப்பேறு விடுதியிலிருந்து சிசேரியன் முடிந்து செல்பவர்களுக்கு, ஊசி வலி என்று சொல்லிக்கொண்டு ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறோம். இது எல்லா நாளும் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். மருந்து தொடங்கும் நாளிலேயே, ஐந்தாம் வாரக் கதையைக் குடும்பத்தில் மூத்தவரிடம் சொல்லிவிடுகிறோம். நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் அவர் அல்லர்.

கடைசி வருகை

மருந்து நிறுத்தி ஆறு மாதம் கழித்து வந்தபோது, அடுத்த குழந்தைக்கு முதுகில் ஊசி போடலாமா என்று கேட்டார். மாமியார் வேண்டவே வேண்டாம் என்கிறாராம். பழைய படங்களை மேசையில் விரித்து, நோய் இருந்த முதல், இரண்டாம் முள்ளெலும்புகளையும் ஊசி போகும் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளின் இடைவெளியையும் இருவருக்கும் காட்டினேன். அந்த இடைவெளி நோய் தொடாமல் முன்பு போலவே இருக்கிறது. அந்த நேரத்தில் மயக்கவியல் மருத்துவர் படத்தைப் பார்த்து முடிவு செய்வார். மாமியார் படத்தின் மேல் தம் நான்கு விரல்களை வைத்து இரண்டுக்கும் இடையே அளந்து பார்த்தார். கோப்பின் முதல் பக்கத்தில் நோயுற்ற மட்டத்தை எழுத்தால் எழுதி, படத்தின் நகலையும் இணைத்து அவரிடம் கொடுத்தனுப்பினேன்.